இணைய வகுப்பில் இருபது முகங்கள்

திருட்டுப் போயிருந்தது ஒரு மணி நேர வகுப்பு.

நகை, நாய்க்குட்டி, பூட்டிய கார், பூட்டாத கணவன் என்று தொலைந்துபோன எத்தனையோ விஷயங்களை ரேடியோ தேடி அலைந்திருக்கிறான். வகுப்பைத் தேடி வந்தது இதுதான் முதல் தடவை. படிக்கிற காலத்தில் அவன் வகுப்புக்குப் போனதே குறைவு. அதற்குப் பழிவாங்கத்தான் இந்தக் கேஸ் வந்திருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியது.

ரேடியோ என்ற பெயர் வாயை மூடத் தெரியாததால் வந்தது. வைத்தவர் அவனுடைய அண்ணி. வீட்டில்தான் அவர் அண்ணன் மனைவி. வெளியில் துப்பறியும் நிறுவனத்தின் முதலாளி, இவன் அவருடைய ஒரே உதவியாளன். பல வருஷம் தேர்வு அறைகளில் கண்காணிப்பாளராக நடந்தவர். எவன் யோசிக்கிறான், எவன் எட்டிப் பார்க்கிறான் என்பதை முதுகை வைத்தே சொல்லிவிடுவார். ரேடியோ ஓயாமல் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டதில், இப்போது வாடிக்கையாளர்களும் அப்படியே கூப்பிடுகிறார்கள்.

கல்லூரி முதல்வரின் அறையில் எல்லாம் நேர்கோட்டில் இருந்தன. பேனாக்கள், கோப்பைகள், சுவரில் மாட்டிய சான்றிதழ்கள், முதல்வரின் தலைவகிடு. மேஜை மேல் மூன்று கோப்புகள். நீலம், மஞ்சள், பச்சை. இவ்வளவு ஒழுங்காக இருக்கிற மனிதரைப் பார்த்தாலே ரேடியோவுக்குச் சந்தேகம் வரும். எதையோ மறைக்கிறவன்தான் எல்லாவற்றையும் அடுக்கி வைப்பான் என்பது அவன் கட்சி. அவன் மேஜை எப்படி இருக்கும் என்று கேட்க வேண்டாம்.

"படிப்பு ஒண்ணுதானே சார், எதுக்கு மூணு விண்ணப்பம்?" என்று கேட்டான்.

"படிப்பு ஒண்ணு. சொல்லிக் குடுக்கற விதம் மூணு," என்றார் முதல்வர். "தினம் வகுப்புக்கு வந்து படிக்கறது நீலம். வாரக் கடைசியில மட்டும் வந்துட்டு மிச்சத்த வீட்டுல படிக்கறது மஞ்சள். முழுக்க இணையத்துலயே படிக்கறது பச்சை. அங்கீகார வாரியம் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா கேக்கும். யாரு நடத்துவா, பரீட்சை எப்படி வைப்பீங்க, சந்தேகம் வந்தா பையன் யாரைக் கேப்பான், எல்லாத்துக்கும் தனித்தனியா பதில் சொல்லணும்."

"ஒரே படத்த தியேட்டர்ல பாக்கறது, டிவியில பாக்கறது, போன்ல பாக்கறது மாதிரி."

முதல்வர் சிரிக்கவில்லை. அண்ணி கண்ணாலேயே ரேடியோவின் ஒலியைக் குறைத்தார்.

விஷயம் பச்சைக் கோப்பில் இருந்தது. இணையவழிப் படிப்புக்கு அங்கீகாரம் வேண்டுமென்றால் சும்மா எழுதிக் கொடுத்தால் போதாது. ஒரு வகுப்பை நடத்தியே காட்ட வேண்டும். அதில் உட்காருகிறவர்கள் கல்லூரியின் சொந்த மாணவர்களாக இருக்கக் கூடாது. எங்கோ ஓர் ஊரில் வேலை பார்த்துக்கொண்டு, கல்லூரி வாசலை மிதிக்காதவர்களாக இருக்க வேண்டும். அந்த வகுப்பின் வீடியோவை விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டும். போன மாதம் கணக்கியல் ஆசிரியர் இருபது பேருக்கு அப்படி ஒரு வகுப்பை நடத்தியிருந்தார். வீடியோ பதிவு அறைக் கணினியில் ஒன்று, முதல்வரின் அலமாரியில் ஒன்று. இரண்டையும் இப்போது காணோம். விண்ணப்பம் போட நாளை மாலைதான் கடைசி.

"யாரு மேல சந்தேகம்?" என்றார் அண்ணி.

"சந்தேகம் என்ன, தெரிஞ்ச விஷயம். இந்தப் படிப்போட ஒருங்கிணைப்பாளர். ஆரம்பத்துலேர்ந்தே பச்சைக் கோப்புல கையெழுத்துப் போட மாட்டேன்னு அடம். அலமாரிக்கு ரெண்டே சாவி. என்கிட்ட ஒண்ணு, அவங்ககிட்ட ஒண்ணு. திருட்டுப் போன அன்னைக்கு அலமாரிக் கதவுல தொங்கினது அவங்க சாவி. அவங்க பேரே எழுதியிருந்தது."

"திருடறவங்க முகவரி அட்டையும் வெச்சுட்டுப் போனாங்களா?" என்றான் ரேடியோ.

முதல்வர் அண்ணியிடம் மட்டும் பேசினார். "நாளைக்கு மத்தியானம் தாளாளர் வர்றார். கல்லூரியை நடத்தறவரு அவருதான். அவர் முன்னாடி உங்க அறிக்கை வேணும். அந்தம்மாதான் எடுத்தாங்கன்னு நீங்க எழுதிக் குடுத்தா, அத வெச்சு வாரியத்துகிட்ட வீடியோ இல்லாமலே ஏத்துக்கச் சொல்லிக் கேப்பேன். அவங்களையும் அன்னைக்கே அனுப்பிடலாம். வாரியம் வரைக்கும் பேர் போனா, அப்புறம் எந்தக் கல்லூரியும் சேக்காது."

"கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடியே அறிக்கையை முடிச்சுட்டீங்க."

"நேரம் இல்லையே மேடம்."

அப்போது மணி அடித்தது. ஜன்னலுக்கு வெளியே, முற்றத்தைத் தாண்டிய வகுப்பறையில் ஒரு வரிசை பாக்கியில்லாமல் எல்லோரும் எழுந்து நின்றார்கள். கை இரண்டும் பக்கவாட்டில். ஆசிரியை மெதுவாகக் கண்ணாடியை மடித்து, பையைத் தேடி, கைக்குட்டையைத் தேடி, வெளியே போனார். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்கள்.

முதல்வரின் முகத்தில் முதல் தடவையாக ஒரு மலர்ச்சி. "நான் வந்த பிறகு கொண்டு வந்த பழக்கம். மணி அடிச்சா எந்திரிக்கணும், பெரியவங்க வெளிய போற வரைக்கும் உக்காரக் கூடாது. எந்தக் கல்லூரியிலயும் இத நீங்க பாக்க முடியாது. இப்பல்லாம் தூக்கத்துல மணி அடிச்சாக்கூட எந்திரிச்சு நிப்பாங்க."

"அவங்க தூங்கறதே வகுப்புலதானே சார்," என்றான் ரேடியோ.

அண்ணி அவனை அதட்டவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

ஒருங்கிணைப்பாளரின் அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. நிமிர்ந்தால் தலை இடிக்கும். நாற்பதைத் தொடுகிற பெண்மணி. மேஜை டிராயரைக் காலி செய்து ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"விசாரிக்க வந்தீங்களா, வழியனுப்ப வந்தீங்களா?" என்றார் நிமிராமல்.

"இன்னும் முடிவு பண்ணல," என்றார் அண்ணி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "பச்சைக் கோப்புல ஏன் கையெழுத்துப் போடல?"

அந்தம்மா ஒரு தாளை எடுத்து நீட்டினார். "படிச்சுப் பாருங்க. இணைய வகுப்புக்கு முதல்வர் எழுதின முதல் விண்ணப்பம். நீலக் கோப்ப அப்படியே எடுத்து, மேல தலைப்ப மட்டும் மாத்திட்டார்."

ரேடியோ எட்டிப் பார்த்துப் படித்தான். இணையவழி மாணவர் ஒவ்வொருவருக்கும் பெஞ்சில் போதிய இட வசதி உண்டு. இரண்டு கரும்பலகைகள் உண்டு. ஒவ்வொரு தளத்திலும் சுத்தமான குடிநீர் உண்டு.

"தண்ணிய எப்படி அனுப்புவாங்க, அட்டாச்மென்ட்லயா?"

அந்தம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு பாதியில் அழுகையாக மாறப் பார்த்தது. மூக்கை உறிஞ்சிச் சமாளித்துக்கொண்டார். "நான் இணையப் படிப்புக்கு எதிரியில்லைங்க. எனக்கு ஒரு தங்கச்சி. கல்யாணம், அடுத்தடுத்து ரெண்டு குழந்தைன்னு படிப்ப பாதியில விட்டவ. இந்தப் படிப்பு வந்தா மொதல் ஆளா அவளைத்தான் சேக்கணும்னு இருந்தேன். அதனாலதான் ஒழுங்கா எழுதணும்னு நின்னேன். குழந்தையத் தூங்க வெச்சிட்டு வர்றவ எந்த நேரத்துல பாடம் கேப்பா, விட்டுப்போனத எப்படிப் பிடிப்பா, அதையெல்லாம் யோசிச்சு முழுசா மாத்தி எழுதினேன். அந்த மாதிரி வகுப்ப எனக்கும் பாக்கணும், அப்புறம்தான் கையெழுத்துன்னு சொன்னேன். முதல்வர் வீடியோவ காட்டவே இல்ல."

"வகுப்பு நடந்தப்ப நீங்க இல்லையா?"

"தங்கச்சிக்கு ஆபரேஷன். ஒரு வாரம் லீவு. திரும்பி வந்தா டிராயர்ல அலமாரிச் சாவி இல்ல. முதல்வர்கிட்ட சொன்னேன். எங்கயாவது இருக்கும்மான்னார். இப்ப அலமாரியில இருந்துதுங்கறார்." பையின் வாயை முடிந்தார். "வேலை போனா இன்னொண்ணு தேடிக்கலாம். திருடின்னு பேர் வாங்கிட்டு எங்க போய்த் தேடறது?"

ரேடியோவுக்கு அந்தக் கேள்வி உள்ளே போய்க் குத்தியது. ஆனால் தொழில் தொழில்தான். சாவி இருந்தது, கோபம் இருந்தது, வீடியோ வெளியே போகக் கூடாது என்ற காரணமும் இருந்தது. அழுகிறவர்கள் எல்லாம் உத்தமர்கள் என்றால் சிறைச்சாலைகள் காலியாகத்தான் இருக்க வேண்டும்.

"வகுப்பு எடுத்த கணக்கியல் ஆசிரியர் எப்படிப்பட்டவர்?" என்றார் அண்ணி சம்பந்தமில்லாமல்.

"நல்ல மனுஷன். சாதாரணமா சட்டையில சாக்பீஸ் தூளோட வருவார். அந்த வகுப்புக்கு மட்டும் புதுக் கோட்டு போட்டு, தலைக்குச் சாயம் பூசிட்டு வந்தாராம். ஆபீஸ்ல எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க."

அண்ணி உடனே எழுந்துவிட்டார்.

*

தெருவில் இறங்கியதும் ரேடியோவால் அடக்க முடியவில்லை. "அண்ணி, யாரு எடுத்தாங்கன்னு கேக்கறத விட்டுட்டு எவரோ தலைக்குச் சாயம் பூசினதுக்குப் பின்னாடி போறோமே."

"எது தொலைஞ்சாலும் யாரு எடுத்தான்னுதான் எல்லாரும் கேப்பாங்க. நான் இத யாரு பாத்தான்னு கேக்கறேன். ஒருங்கிணைப்பாளர் பாக்கல. தாளாளர் பாக்கல. ஆபீஸ்ல இருக்கறவங்க கோட்டப் பாத்திருக்காங்க, வீடியோவப் பாக்கல. முதல்வர் ஒருத்தர் சொல்லித்தான் அப்படி ஒண்ணு இருந்துதுன்னே நமக்குத் தெரியும்."

"அதுக்கு?"

"வாழ்க்கையில மொத தடவையா கேமரா முன்னாடி நின்ன மனுஷன். அதுக்குன்னு சாயம் பூசினவர். அத வீட்டுல காட்டாம இருந்திருப்பாரா?"

ரேடியோ வாயைத் திறந்தான். போன வருஷம் ஒரு கல்யாண வீடியோவில் தன் முழங்கை தெரிந்ததை ஊருக்கெல்லாம் காட்டியது நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டான்.

கணக்கியல் ஆசிரியரின் வீட்டில் அவர் இல்லை. மாலை நடைக்குப் போயிருந்தார். கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே அவர் மனைவி எட்டிப் பார்த்தார். விற்கிறவர்களா, வசூலுக்கு வந்தவர்களா என்று மேலும் கீழும் அளந்தார்.

"சார் நடத்தின இணைய வகுப்பப் பத்தி ஊரே பேசுது. எங்களுக்கு ஒரு தடவை பாக்கக் குடுத்து வைக்கல," என்றான் ரேடியோ, முகத்தை எவ்வளவு அப்பாவியாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு அப்பாவியாக.

சங்கிலி கழன்றது. தேநீரும் வந்தது. அதற்குப் பின்னால் அந்த அம்மாளின் கைபேசியும் வந்தது.

"யாருக்கும் காட்டக் கூடாதுன்னு முதல்வர் சொல்லியிருக்காராம். இவரு வகுப்பு முடிஞ்ச கையோட என்னோட போனுக்கு அனுப்பிட்டு அப்புறம்தான் அதக் கேட்டாரு. நீங்க நம்ம ஆளுங்க மாதிரி இருக்கீங்க." அம்மாள் வீடியோவை ஓடவிட்டார். சத்தமே வரவில்லை.

"சவுண்டு இல்லையாம்மா?"

"சத்தம் எதுக்குங்க. முப்பது வருஷமா அதத்தானே கேக்கறேன். மூஞ்சிய மட்டும் பாத்தாப் போதும்னு குறைச்சு வெச்சுடுவேன்."

திரையின் நடுவில் புதுக் கோட்டில் ஆசிரியர் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் இருபது கட்டங்கள், இருபது முகங்கள். ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. ஒருவருக்குப் பின்னால் பூப்போட்ட திரை, ஒருவருக்குப் பின்னால் கோடு போட்டது. கீழே பெயர், ஊர், வேலை. மருந்துக்கடை, வங்கி, லாரி கம்பெனி. எல்லோரும் குனிந்து எழுதுகிறார்கள். ரேடியோவுக்குக் கொட்டாவி வந்தது.

அம்மாள் விரலால் தள்ளி, கடைசிப் பகுதிக்குப் போனார். "இந்த இடத்தப் பாருங்க. எனக்குப் பிடிச்ச இடம்."

ஆசிரியர் பேச்சைச் சட்டென்று நிறுத்தினார். அடுத்த நொடி இருபது முகங்களும் கட்டத்துக்கு மேலே போய்விட்டன. இருபது கட்டங்களிலும் இருபது சட்டைகள். பொத்தான்கள், பாக்கெட்டுகள், ஒரு பெல்ட். ஆசிரியர் தலையாட்டிவிட்டுத் திரையிலிருந்து விலகினார். சட்டைகள் அசையாமல் இருந்தன. பிறகு முகங்கள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன.

"போர் தாங்காம மொத்தமா கிளம்பிட்டாங்க போல," என்றான் ரேடியோ.

"போங்க தம்பி. அது மரியாதை. வகுப்பு முடிஞ்சதும் வெளியூர்ப் பிள்ளைங்க, முன்னப்பின்ன தெரியாதவங்க, அவருக்கு எந்திரிச்சு நிக்குதுங்க. அன்னைக்கு வீட்டுக்கு வந்து குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டாரு." அம்மாளின் குரல் தழுதழுத்தது. "எங்க பையனே இவரு வந்தா காலை நீட்டிட்டு உக்காந்திருப்பான்."

அண்ணி கைபேசியை வாங்கினார். சத்தத்தைக் கூட்டி, காதோடு ஒட்டி வைத்து, அதே இடத்தை மறுபடி ஓட்டினார். ரேடியோவும் தன் காதைக் கொண்டுபோய் இடையில் நுழைக்கப் பார்த்தான். முழங்கையால் ஓர் இடி கிடைத்தது.

"எனக்கு ஒரு காப்பி அனுப்ப முடியுமாம்மா?" என்றார் அண்ணி. கேட்ட விதம் மிகவும் மென்மையாக இருந்தது. இப்படி மென்மையாக அவர் கேட்டால் யாருக்கோ கெட்ட நேரம் என்று ரேடியோவுக்குத் தெரியும். யாருக்கு என்பதுதான் தெரியவில்லை.

தெருமுனையில் நின்று அண்ணி முதல்வருக்குப் போன் போட்டார். ரேடியோ பக்கத்திலேயே இருந்தான்.

"அறிக்கை தயார் சார். நீங்க சொன்ன மாதிரியே எழுதிடறேன். ஒண்ணே ஒண்ணு. அந்த வகுப்பு நடந்தது நிஜம்னு சொல்ல ஒரு சாட்சி வேணும். இருபது பேர்ல யாராவது ஒருத்தரை நாளைக்குக் கூட்டிட்டு வர முடியுமா? வந்தா அறிக்கைக்குப் பலம். வாரியமும் நம்பும்."

கூட்டி வருவதாக முதல்வர் சொன்னது ரேடியோவுக்கும் கேட்டது.

போனை வைத்ததும் ரேடியோ கேட்டான். "வீடியோ கிடைச்சுடுச்சுன்னு ஏன் சொல்லல?"

"கேக்கல, சொல்லல."

"நீங்க சொன்ன மாதிரியே எழுதிடறேன்னா என்ன அர்த்தம்? அந்தம்மாவ மாட்டிவிடப் போறீங்களா?"

"நாளைக்கு ஒரு மணி நேரம் வாய மூடிட்டு இருந்தேன்னா உனக்கே தெரியும்."

அன்று ரேடியோவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தொழிலில் எல்லோரையும் சந்தேகப்பட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததே அண்ணிதான். அந்தப் பட்டியலில் அண்ணியும் வருவார் என்று அவன் நினைத்ததில்லை. துணிப்பையின் வாயை முடிந்த அந்தக் கைகள் கண்ணிலேயே நின்றன. அண்ணியை நினைத்து அவனுக்கு வெட்கமாக இருந்தது. அப்படி வெட்கப்பட்டதற்கு இன்னும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

*

மறுநாள் முதல்வரின் அறையில் நாற்காலிகள்கூட நேர்கோட்டில் போடப்பட்டிருந்தன. தாளாளர் நடுவில். ஒல்லியான மனிதர், கைக்கடிகாரத்தைப் பார்ப்பதையே வேலையாக வைத்திருந்தார். ஒருங்கிணைப்பாளர் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரத்தில். எதிரில் ஓர் இளைஞன், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில்.

"இவர்தான் அந்த இருபது பேர்ல ஒருத்தர்," என்றார் முதல்வர். "மருந்துக்கடையில வேலை. லீவு போட்டுட்டு வெளியூர்லேர்ந்து வந்திருக்கார்."

"ரொம்ப நன்றி தம்பி," என்றார் அண்ணி. "வகுப்பு எப்படி இருந்துது?"

"நல்லா இருந்துதுங்க மேடம். வேலைக்குப் போறவங்களுக்கு ரொம்ப வசதி." ஒப்பித்ததைப் போல வந்தது.

"இந்தக் கல்லூரிக்கு முன்னாடி வந்திருக்கீங்களா?"

"இல்லைங்க மேடம். இன்னைக்குத்தான் மொதல் தடவை. வாசல்ல வழி கேட்டுத்தான் இந்த ரூமுக்கு வந்தேன்."

தாளாளர் கடிகாரத்தைத் தட்டினார். "அறிக்கையக் குடுங்கம்மா. சாயங்காலத்துக்குள்ள விண்ணப்பம் போகணும்."

அண்ணி அறிக்கையைக் கொடுக்கவில்லை. பச்சைக் கோப்பைப் புரட்டினார். இணையவழி மாணவருக்குக் குடிநீர் எந்தத் தளத்தில் என்று முதல்வரிடம் கேட்டார். தாளாளருக்கு முகம் கடுத்தது. மருந்துக்கடையில் இருமலுக்கு எந்த மருந்து நல்லது என்று இளைஞனைக் கேட்டார். அவன் விழித்தான். பிறகு மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது, எங்கே வாங்கினீர்கள் என்றார்.

ரேடியோவுக்கு நாக்கு துறுதுறுத்தது. ஒரு மணி நேரம் வாயை மூடச் சொன்னதால், கையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாயாடுவது தன் வேலை, அதையும் அண்ணியே எடுத்துக்கொண்டுவிட்டாரே என்று கோபம்.

"மேடம், நாங்க இங்க விளையாட உக்காரல," என்றார் முதல்வர். "அந்தம்மா எடுத்தாங்களா இல்லையா? ஒரே வார்த்தை."

ஒருங்கிணைப்பாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

அண்ணி வாயைத் திறந்த நேரம் மணி அடித்தது.

இளைஞன் எழுந்து நின்றான். விறைப்பாக, கை இரண்டும் பக்கவாட்டில்.

தாளாளருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னப்பா, கிளம்பறியா?" என்றார்.

இளைஞன் குனிந்து தன் கால்களைப் பார்த்தான், அவை தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டதைப் போல. ரேடியோ வாயிலிருந்து கையை எடுத்தான். நேற்றுப் பார்த்த இருபது சட்டைகளும் அவன் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன.

"மொதல் தடவையா வந்தவரு," என்றார் அண்ணி மெதுவாக. "வாசல் தெரியாதவருக்கு இந்த மணி தெரிஞ்சிருக்கு."

அவர் தன் கைபேசியைத் தாளாளரின் முன்னால் வைத்து, சத்தத்தைக் கூட்டி, வீடியோவை ஓடவிட்டார். ஆசிரியர் பேசுகிறார். எங்கோ தூரத்தில் மணி. ஆசிரியர் நிறுத்துகிறார். இருபது முகங்கள் மேலே போகின்றன.

முதல்வரின் கை நேராக வைத்திருந்த பேனாவைத் தட்டி உருட்டிவிட்டது. "இது எப்படி... ஆசிரியர் இங்க உக்காந்துதானே நடத்தினார். மணிச் சத்தம் மைக் வழியா வெளியூருக்கும் கேட்டிருக்கும்."

"கேட்டிருக்கும். எங்க வீட்டு டிவியிலயும்தான் மணி அடிக்குது. நான் எந்திரிச்சு நிக்கறதில்ல. எந்தக் கல்லூரியிலயும் பாக்க முடியாத பழக்கம்னு நேத்து நீங்கதான் சொன்னீங்க. அத வங்கியிலயும் லாரி கம்பெனியிலயும் வேலை பாக்கற இருபது பேருக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

நின்றுகொண்டிருந்த இளைஞன்தான் சொன்னான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நாங்க வேதியியல் துறைங்க சார். கணக்கியல் சாருக்கு எங்களைத் தெரியாது. லேப்ல தடுப்பு வெச்சு தனித்தனியா உக்கார வெச்சாங்க. பின்னாடி ஆளுக்கொரு திரை கட்டுனாங்க. மார்க்கு முதல்வர் சார் கையிலதான் இருக்குன்னு சொன்னாங்க. நேத்து மறுபடி கூப்பிட்டு, மருந்துக்கடைன்னு சொல்லச் சொன்னாங்க."

"திருட்டே நடக்கல," என்றார் அண்ணி தாளாளரிடம். "வகுப்பு முடிஞ்சு ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு இவர் வீடியோவப் போட்டுப் பாத்திருக்கார். தான் பெருமையா வளத்த பழக்கம் தன்னையே மாட்டிவிடுதுன்னு அப்பத்தான் தெரிஞ்சிருக்கு. மணிச் சத்தத்த அழிச்சுடலாம். நிக்கறவங்கள எப்படி உக்கார வைக்கறது? இத வாரியத்துக்கு அனுப்பவும் முடியாது, இல்லாம விண்ணப்பம் போடவும் முடியாது. அதனால வீடியோ திருட்டுப் போச்சு. கையெழுத்துப் போட மாட்டேன்னு நின்னவங்களே திருடியும் ஆயிட்டாங்க. லீவுல இருந்தப்ப காணாமப் போன சாவி சரியான நேரத்துக்கு அலமாரியில வந்து தொங்கிடுச்சு. எல்லாத்துக்கும் முத்திரை குத்த எங்க அறிக்கை. நாங்க துப்பறிய வரல சார், துப்பு கெட்டுப் போக வந்திருக்கோம்."

ரேடியோவுக்கு அண்ணியின் காலில் விழலாம் போல இருந்தது. விழுந்தால் வீட்டில் அண்ணன் கிண்டல் பண்ணுவான் என்பதால் மேஜையில் வரிசையாக இருந்த கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தாளாளர் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். பச்சைக் கோப்பை எடுத்தார். பிறகு அதை ஒருங்கிணைப்பாளரின் பக்கம் நகர்த்தினார். "இத என்னம்மா பண்ணலாம்?" பெரிய மனிதர் மன்னிப்புக் கேட்கிற விதம் அவ்வளவுதான்.

அந்தம்மா துணிப்பையைத் தரையில் இறக்கினார். கோப்பைத் திறந்து, வெளியூர் மாணவர்கள் என்று எழுதியிருந்த பக்கத்தை எடுத்து மேஜையில் கவிழ்த்து வைத்தார். "நீலமும் மஞ்சளும் இன்னைக்குப் போகட்டும் சார். அது ரெண்டும் ஒழுங்கா இருக்கு, நான் கையெழுத்துப் போடறேன். பச்சை இந்தத் தடவை வேண்டாம். நிஜமா வேலைக்குப் போறவங்க, வீட்ட விட்டு வர முடியாதவங்க இருபது பேரைப் பிடிச்சு, நிஜமா நடத்தி, அடுத்த சுற்றுல போடலாம்." கொஞ்சம் தயங்கினார். "ஒருத்தி ஏற்கெனவே ரெடி. குழந்தை தூங்கற நேரம் பாத்து வகுப்ப வைக்கணும், அவ்வளவுதான்."

"கணக்கியல் சாரையே நடத்தச் சொல்லுங்க," என்றான் ரேடியோ. ஒரு மணி நேரம் முடிந்துவிட்டது. "கோட்டும் இருக்கு, சாயமும் இன்னும் போயிருக்காது. ஆனா எந்திரிச்சு நிக்க மாட்டாங்கன்னு அவர் வீட்டுல முன்னாடியே பக்குவமா சொல்லிடணும்."

அதைச் சொன்ன பிறகுதான் ஆசிரியர் மனைவியின் தழுதழுத்த குரல் அவனுக்கு ஞாபகம் வந்தது. சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது.

ஒருங்கிணைப்பாளர் இளைஞனைப் பார்த்தார். அவன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். கைகள் பக்கவாட்டில் அப்படியே இருந்தன.

"நீ உக்காருப்பா," என்றார்.

அவன் உட்காரவில்லை. கண் முதல்வரிடம் போயிற்று.

எல்லோரும் முதல்வரைப் பார்த்தார்கள். அவர் உருண்ட பேனாவை எடுத்து மற்ற பேனாக்களோடு நேராக வைத்தார். மூக்குக் கண்ணாடியை மடித்து உறையில் போட்டார். நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளி எழுந்து, யாரையும் பார்க்காமல் வாசலைத் தாண்டிப் போனார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பையன் உட்கார்ந்தான்.